குரல் போன பிறகு சேர்ந்த கூட்டம்

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு பேசிவிட்டு என்னைக் கேட்டாய். எப்போதும் போல அவள் ரிசீவரை என் காதில் வைத்தாள். எப்போதும் போல நான் நகத்தால் அதைத் தட்டினேன். தட்டினால், "கேட்கிறது, மேலே சொல்" என்று அர்த்தம். போனில் நான் பேசுகிற பேச்சு அவ்வளவுதான். ஆபீஸ் கதை, விடுதிச் சாப்பாடு, பெங்களூர்க் குளிர் என்று நீ சொன்னதற்கெல்லாம் தட்டிக்கொண்டே வந்தேன். "எழுதுறத நிறுத்திடலாம்னு இருக்கேம்ப்பா. யாருமே படிக்கல. செவுத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு" என்றாய். அதற்கு மட்டும் தட்டவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நீ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டாய். லைன் போகவில்லை. நீ சொன்னதற்கு நகத்தால் பதில் சொல்ல முடியாது என்றுதான் சும்மா இருந்தேன்.

பதிலை உன் மின்னஞ்சலுக்கு அனுப்பாமல் என் வலைப்பதிவிலேயே போடுகிறேன். படிக்க ஆள் எப்படிச் சேர்ப்பது என்ற உன் கேள்வியைப் புதிதாக எழுத வருகிறவர்கள் பலரும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் நீ படிக்கும்போது அவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். உன் பெயரை எங்கும் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பெரம்பலூரில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு விளம்பரம் சொன்னவன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, புதுப் படம், கோயில் திருவிழா, தேர்தல், சாவு, காணாமல் போன மாடு எல்லாம் என் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போயின. தொண்ணூற்றைந்தில் தொழிலுக்கு வந்த புதிதில், அன்பார்ந்த பொதுமக்களே என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் கத்துவேன். வேப்பந்தட்டை ரோட்டில் பருத்திக்காட்டில் களையெடுக்கும் பெண்கள் ஒருவர்கூடத் தலை தூக்க மாட்டார்கள். என் குரல் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரக்கக் கத்துவேன். ஒருநாள் எதேச்சையாக அந்த ஊரின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன். காடு முழுக்க முதுகுகள் நிமிர்ந்தன. பொதுமக்கள் என்று ஒருவரும் இல்லை, இந்த ஊர்க்காரர், அந்தத் தெருக்காரர்தான் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றைத் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். ஒரு ஜவுளிக்கடைக்காரர், வருகிற எல்லோருக்கும் சேலை இலவசம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். குன்னத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். நிறைய துணி எடுத்தவர்களுக்குத்தான் இலவசம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்பிய ஒரு அம்மா கடைக்காரரை ஒன்றும் சொல்லவில்லை. நேரே என் ஆட்டோவுக்கு வந்து, "அவன் ஏவாரி, அப்படித்தான் இருப்பான். வாயி ஒன்னோடதுதானே?" என்று கேட்டார். அதன் பிறகு எந்தக் கடைக்காரர் கூப்பிட்டாலும், நிபந்தனை என்ன என்று கேட்டு அதையும் சேர்த்துச் சொன்னேன். சிலர் என்னை விட்டுவிட்டு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பெயர் எனக்கு வந்தது.

பிறகு குரல் கம்மியது. கசாயம் குடித்தேன், மாத்திரை போட்டேன், கம்மல் போகவில்லை. திருச்சியில் பார்த்துவிட்டு, குரல்வளையை எடுத்தால் ஆள் பிழைப்பார் என்றார்கள். அப்போது நீ கல்லூரியில் சேர்ந்த புதிது. எடுத்தார்கள். பிழைத்தேன். கழுத்துத் துளையில் மூச்சு, மேலே ஒரு வெள்ளைத் துணி, கையில் சிலேட்டு என்று வீட்டுக்கு வந்தேன். பார்க்க வந்தவர்கள் ஏனோ என்னைச் செவிடன் என்று நினைத்துக்கொண்டு காதுக்குள் கத்தினார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பும் சத்தமில்லாமல் போகவே அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் வெளியே போவதை நிறுத்தினேன். அம்மா காலையில் அங்கன்வாடி வேலைக்குக் கிளம்பும்போது எந்த நாற்காலியில் இருந்தேனோ, அவள் திரும்பி வரும்போதும் அதே நாற்காலியில் இருந்தேன்.

நீதான் என்னை எழுப்பினாய். "அப்பா, சட்டையப் போடுங்க, ஒரு எடத்துக்குப் போவணும்" என்று பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனாய். அதன் சொந்தக்காரர் ஜமால் பாய். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். பல வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்தவர். "பாய், எங்க அப்பா. பேச மாட்டாங்க" என்று நீ தயங்கித் தயங்கிச் சொன்னாய். அவர் என் கழுத்துத் துணியைப் பார்த்தார். பரிதாபப்படப் போகிறார் என்று நான் திரும்பத் தயாராக இருந்தேன். "அதுக்கென்னம்மா? இங்க வர்ற ஆளு பூரா வெளிநாட்டுக்குக் கத்திக் கத்தி எங்காது போச்சு. பேசாத மனுசரு ஒருத்தர் வந்தா எனக்கு நிம்மதி. உக்காருங்கண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதல் நாள் திரையில் தமிழ் வரவில்லை. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. நீயும் பாயும் ஒரு வாரம் மல்லுக்கட்டி எழுத்துருவை ஏற்றினீர்கள். ஆங்கிலத்தில் அடித்துத் தமிழில் வரவழைக்க எனக்குத் தெரியாது என்பதால், தமிழ் எழுத்துகளைச் சின்னச் சின்னக் காகிதத்தில் எழுதி விசைகளின் மேல் ஒட்டினாய். மூலைக் கம்ப்யூட்டரை எனக்கென்று விட்டுவிட்டார் பாய். வலைப்பதிவைத் தொடங்கித் தந்து, எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்ணியையும் அதன் ஓரத்தில் பொருத்தினாய். நான் பக்கத்தைத் திறந்தபோதெல்லாம் அதில் ஒன்று கூடியது. கூட்டம் வருகிறது என்று இரண்டு நாள் பூரித்துப்போய் இருந்தேன். வந்து வந்து போனது நானே என்று நீதான் சொன்னாய்.

யாரும் படிக்காத காலம் எனக்கும் இருந்தது என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். புதுப் பதிவுகளைப் பட்டியல் போடும் திரட்டியில் என் பக்கத்தைச் சேர்த்தாய். பதிவு போட்ட கொஞ்ச நேரம் என் தலைப்பு மேலே நிற்கும். மற்றவர்கள் எழுத எழுத அடியில் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆளைப் பிடிக்க வேண்டும் என்று, ஊரில் கரண்டு போனதைப் பற்றி எழுதிவிட்டு 'பெரம்பலூரில் பயங்கரம்' என்று தலைப்பு வைத்தேன். எண்ணி எகிறியது. கீழே ஒருவர், "ஐயா, இப்படி ஏமாற்றலாமா?" என்று பின்னூட்டம் போட்டார். அன்று வந்தவர்களில் ஒருவர்கூட மறுவாரம் வரவில்லை. முகம் தெரியாத மனிதர்கள்தான், ஆனாலும் எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தத் தலைப்பை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அப்புறம் அடுத்தவர் பக்கங்களுக்குப் போகத் தொடங்கினேன். எனக்குத் தோன்றியதைப் பின்னூட்டமாக எழுதினேன். என் பக்கத்துக்கு வாருங்கள் என்று எங்கும் எழுதவில்லை. பெயரைத் தட்டினால் நான் யாரென்று தெரியும், போதும். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மனதாரப் போய் வந்தால் அவர் நம் வீட்டுக்கு வராமல் இருக்க மாட்டார். அப்படிச் சிலர் வந்தார்கள். வந்தவர்களுக்குப் படிக்கக் கொடுக்கத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை. குரல் போன துக்கத்தைக் கவிதை கவிதையாக எழுதி வைத்திருந்தேன். "வருந்துகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள். பாவம், வேறு என்ன எழுதுவார்கள்?

ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லை. ஜமால் பாய் டீயை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணே, கோவிச்சுக்காம கேளுங்க. நான் சவூதில ரூம்ல கெடந்த காலத்துல ஒருநாளும் எனக்குக் கவித வேணும்னு தோணுனதில்ல. ஊர்ல மழ பேஞ்சுச்சா, யாரு வூட்ல நிக்காஹ், யாரு மவுத்தாப் போனாங்க, இத ஒருத்தன் சொல்ல மாட்டானான்னு இருக்கும். வூட்டுக்குப் போன் பண்ணா நல்லாருக்கோம், நல்லாருக்கோம், இதத் தவிர வேற சொல்ல மாட்டாங்க. நீங்க மைக்ல சொன்னதையே எழுதுங்கண்ணே. கேக்குறதுக்கு அங்க ஆளு காத்துக்கெடக்கு" என்றார்.

அப்படித்தான் 'இந்த வார அறிவிப்பு' தொடங்கியது. கழுத்துத் துணியோடு மொபெட்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஊர் சுற்றினேன். சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியைப் படித்தேன். என்னோடு தொழில் செய்தவர்கள் தாங்கள் மைக்கில் சொல்கிற நோட்டீஸை எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். எறையூர் சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டதா, சின்ன வெங்காயம் இருப்பு வைக்கும் பட்டறையில் கிடக்கிறதா விலை போனதா, அரியலூரில் சிமெண்டு லாரி நெரிசலில் எந்த ரோடு அடைபட்டது, செந்துறைப் பக்கம் மழையா தூறலா என்று எல்லாம் எழுதினேன். ஒவ்வொரு சேதியையும் ஊர் பெயரோடுதான் தொடங்குவேன். ஊர் பெயர் இருந்ததால்தான், எங்கோ உட்கார்ந்து தேடுபொறியில் தன் ஊரை அடித்துப் பார்த்தவர்களுக்கு என் பக்கம் கண்ணில் பட்டது. தன் கிராமத்தின் பெயர் திரையில் தமிழில் வந்ததைப் பார்த்து அழுதேன் என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் போடச் சொன்னதும் பாய்தான். வளைகுடா நாடுகளில் வெள்ளி லீவு நாள். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்காரர்களும் இருக்கிற மின்னஞ்சல் குழுமங்களில் சேர்ந்தேன். வேலையிடத்தில் வலைப்பதிவைத் திறக்க முடியாதவர்களுக்காக முழுப் பதிவையும் மடலாகவே அனுப்பினேன். என் பக்கத்துக்கு வந்தால்தான் படிக்கலாம் என்று வீம்பு பிடிக்கவில்லை. எண்ணியில் அவர்கள் கணக்கு ஏறாது, அது கிடக்கட்டும். வந்த பின்னூட்டம் ஒவ்வொன்றுக்கும் அன்றே பதில் எழுதினேன். அரியலூர்க்காரர்களும் பெரம்பலூர்க்காரர்களும் பின்னூட்டத்தில் அடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ச் சேதி இந்த வாரம் குறைவு என்று இரண்டு தரப்பும் புகார் சொன்னார்கள். எனக்கு அந்தப் புகார்கள் இனித்தன. ஆட்டோவில் போன காலத்தில் ஒருவரும் என்னிடம் அப்படி உரிமையாகச் சண்டை போட்டதில்லை.

இதுவரை நான் எழுதியது உனக்கு ஓரளவு தெரிந்ததுதான். இனி எழுதப்போவது தெரியாது. நீ வேலை கிடைத்துப் பெங்களூர் போன பிறகு நடந்தது. சம்பந்தப்பட்டவர் எழுதலாம் என்று சொன்னதால் இப்போது எழுதுகிறேன். முருகேசன் என்பது நான் வைத்த பெயர். ஊர் பெயரை மாற்ற வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வாலிகண்டபுரம்.

முருகேசன் கத்தாரில் ஒரு கட்டட வேலையிடத்தில் ஸ்டோர் பார்த்தார். அங்கே கம்ப்யூட்டர் உண்டு. என் அறிவிப்பை அச்செடுத்து ரூமுக்குக் கொண்டுபோய், வெள்ளிக்கிழமை சமைக்கும்போது எல்லோருக்கும் சத்தமாகப் படிப்பாராம். படிக்கத் தெரியாதவர்களும் அங்கே இருந்தார்கள். மாதம் ஒரு மடல் எனக்குப் போடுவார். ஒரு வாரம் வந்த மடல் வேறு மாதிரி இருந்தது. "அண்ணே, மூணு வாரமா எங்கப்பா போனுக்கு வரல. கொல்லைக்குப் போயிருக்காரு, டவுனுக்குப் போயிருக்காருன்னு அம்மா சொல்லுது. நீங்கதான் நம்ம பக்கம் யாரு தவறினாலும் எழுதுறீங்க. வியாழக்கிழமை ஒங்க பக்கத்தத் தொறக்கவே எனக்குப் பயமா இருக்கு. சாவுச் சேதிய மட்டும் மொதல்ல கண்ணால பார்த்துட்டு, அப்பா பேரு இல்லன்னு தெரிஞ்ச பொறகுதான் ரூம்ல வாயத் தொறந்து படிக்கிறேன். எங்கப்பா இருக்காராண்ணே?"

மடலைப் பலமுறை படித்தேன். எண்ணியைப் பார்த்துப் பார்த்து எத்தனை பேர், எத்தனை பேர் என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரங்களில், ஒரு மனிதன் என் பக்கத்தைப் பயந்து பயந்து திறந்திருக்கிறான். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஜமால் பாயிடம் காட்டினேன். படித்துவிட்டு ஷட்டரை இறக்கினார். "வண்டிய நான் எடுக்குறேன். வாங்கண்ணே."

வாலிகண்டபுரத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. முருகேசனின் அம்மா வாசலில் சோளம் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கத்தார் என்ற சொல் காதில் விழுந்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். உள்ளே கட்டிலில் அப்பா உட்கார்ந்திருந்தார். உயிரோடுதான் இருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை மடியில் கிடந்தது. பக்கவாதம். பேச்சு அடியோடு போய்விட்டது.

"சாமி, அவங்கிட்ட சொல்லிப்புடாதீங்க" என்று அந்த அம்மா பாயைப் பார்த்துக் கும்பிட்டார். "கேட்டான்னா அன்னைக்கே பொட்டியக் கட்டிருவான். ஒப்பந்தம் முடியாம வந்தா அதோட போச்சு. தங்கச்சிக்கு வேற பேசி வச்சிருக்கோம். எல்லாம் முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்."

அந்த அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வீட்டு நிலைமை அவருக்குத்தான் தெரியும். ஆனால் அங்கே ஒருவன் என்னிடம் நேராகக் கேட்டிருக்கிறான். தெரியாது என்று எழுதினால் பொய். ஒன்றும் எழுதாமல் விட்டால் அவன் மோசமானதைத்தான் நினைத்துக்கொள்வான். நான் சிலேட்டை எடுத்து எழுதி பாயிடம் நீட்டினேன். அவர் சத்தமாகப் படித்தார்: "அய்யா என்ன நெனைக்கிறாருன்னு கேக்குறாரு."

"அவரு எங்கங்க நெனைக்கிறது? அவருக்குத்தான் பேச்சு இல்லையே."

நான் என் கழுத்துத் துணியை விலக்கிக் காட்டினேன். அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் இருந்தவர் என் பக்கம் திரும்பினார். என் கழுத்தையே வெகுநேரம் பார்த்தார். நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, பெரிய எழுத்தில், 'மகனிடம் சொல்லட்டுமா?' என்று எழுதிக் காட்டினேன். பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு எழுத்து தெரிந்தவர் அவர். உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு இடது கையைத் தூக்கி என் கையைப் பிடித்தார். அந்தப் பிடி இருக்கிறதே, பாப்பா, வாய் திறந்து நூறு முறை சொல்லியிருந்தாலும் எனக்கு அவ்வளவு தெளிவாக விளங்கியிருக்காது. தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

அந்த அம்மா கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இத்தன நாளா எனக்குத் தெரியலையே. நான் கேக்கவே இல்லையே" என்று முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எழுதுங்க. ஆனா படுத்துக்கெடக்குறாருன்னு எழுதாதீங்க. உக்காந்துதான் இருக்காரு, நீங்களே பார்த்தீங்கள்ல" என்றார்.

திரும்பி வந்து மடல் எழுதினேன். எதை முதலில் சொல்வது என்பது எனக்குப் பழகிய வேலை. "உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். இன்று அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்" என்று தொடங்கினேன். பிறகுதான் பக்கவாதத்தை எழுதினேன். பேச்சு இல்லை, புத்தி தெளிவாக இருக்கிறது, என் கையை இறுக்கிப் பிடித்தார் என்று எழுதினேன். அம்மா ஏன் மறைத்தார் என்பதை அவர் சொன்னபடியே எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. "அண்ணே, பாக்கணும்" என்று மட்டும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பாய் மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ஆள் விடவில்லை. ஆட்டோவில் வந்த முருகேசனின் அப்பாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினோம். அந்த அம்மா அவருக்குச் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தார். கேமராவை பாய் சரிசெய்ததும் திரையில் முருகேசன் தெரிந்தார். படம் நின்று நின்று நகர்ந்தது. "அப்பா, நான் பேசுறது கேக்குதாப்பா?" என்றார். அப்பா இடது கையைத் தூக்கினார். அங்கே படம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. சேர்ந்ததும் முருகேசன் முகம் உடைந்தது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சோறு திங்க மாட்டியேடா."

"சொல்லலன்னாலுந்தான் திங்கல."

அப்பா கையை இறக்கவே இல்லை. வலிக்கும், இறக்குங்கள் என்று நான் சைகை காட்டியும் கேட்கவில்லை. மகன் பேசி முடிக்கும் வரை தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

முருகேசன் பெட்டியைக் கட்டவில்லை. எல்லாம் தெரிந்த பிறகு ஓடிவரத் தோன்றவில்லை என்றார். வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் மாடி ஏறி வந்தார்கள். மகன் ஒவ்வொரு வாரமும் அப்பாவை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்லிப் பழக்கினார். ஒப்பந்தம் முடிந்து ஊர் வந்து இறங்கியபோது, அப்பா ஒரு கையால் தடியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, குழறலாக, "வா" என்றாராம். தங்கை கல்யாணத்துக்கு நானும் பாயும் போயிருந்தோம். அந்தக் கல்யாணத்தைப் பற்றி மட்டும் அந்த வார அறிவிப்பில் நான்கு வரி எழுதினேன். மற்றதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எண்ணி எங்கேயோ போயிருக்கும். அந்த வியாழக்கிழமைகளில் எறையூர்க் கரும்பும் செந்துறை மழையும்தான் என் பக்கத்தில் இருந்தன. வழக்கமான ஆட்கள்தான் வந்தார்கள்.

கம்ப்யூட்டர் படித்தவள் நீ, வசதிகளை எல்லாம் எனக்குக் காட்டியவள். திரட்டி, குழுமம், எண்ணி, தேடுபொறி எல்லாம் ஆட்டோவும் மைக்கும் போலத்தான். எந்த ஊருக்குள் போகிறோம், அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அவற்றால் பிரயோஜனம். ஒரு கிழமை வைத்துக்கொள், அதைத் தவறவிடாதே. உனக்கு எது வாய்க்கிறதோ அதை எழுதுவதைவிட, நீ முதன்முதல் நின்ற இடத்தில் இன்று நிற்பவளுக்கு எது தெரிய வேண்டுமோ அதை எழுது. எழுதியதையெல்லாம் தனியாக ஒரு பிரதி எடுத்து வை. இலவசமாகக் கொடுத்த இடத்தை எப்போது மூடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை கடைக்குப் போய் உன் 'விடுதிக் குறிப்புகள்' முழுவதையும் முதலிலிருந்து படித்தேன். குளியலறை வரிசையைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், நாற்காலி குலுங்கியதில் பாய் திரும்பிப் பார்த்தார். காய்ச்சலில் தனியாகக் கிடந்த வாரத்தை எழுதியிருக்கிறாய். எங்களிடம் நீ அதைச் சொல்லவே இல்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்ட எனக்கு வாய் இல்லை, அச்செடுத்துக் கொடுத்தேன். நீ நன்றாக எழுதுகிறாய், அப்பன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் 'சில எண்ணங்கள்', 'மேலும் சில எண்ணங்கள்' என்று தலைப்பு வைத்தால் யார் வருவார்கள்? பெங்களூர் என்ற சொல்லே ஒரு தலைப்பிலும் இல்லை.

பிறகு ஒன்று கண்ணில் பட்டது. பெங்களூரில் நீ முதன்முதல் பஸ்ஸிலிருந்து இறங்கிய நாளைப் பற்றிய பழைய பதிவு. அதன் அடியில் போன வாரம் ஒரு பின்னூட்டம் வந்திருக்கிறது. பழைய பதிவுக்கு வருகிற பின்னூட்டம் உன் மின்னஞ்சலுக்குத் தெரியும்படி நீ வைத்திருக்கவில்லை போலிருக்கிறது. அதை அப்படியே இங்கே எடுத்துப் போடுகிறேன்.

"அக்கா, எனக்கு எறையூர் பக்கம். பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்கு. எங்க வீட்ல அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. நீங்க எழுதுன எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். அப்புறந்தான் சரின்னாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்புறேன். பஸ் ஸ்டாண்டுலேருந்து உங்க விடுதிக்கு எந்தப் பஸ்ல ஏறணும், பொண்ணுங்க தனியா அந்த ராத்திரி நேரத்துல வரலாமா, இது மட்டும் நீங்க எழுதல. அம்மா அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்காங்க. சொல்றீங்களா அக்கா?"

நானே பதில் எழுதலாம் என்று விசையில் கை வைத்தேன். எனக்கு அந்தப் பஸ் தெரியாது, பாப்பா. உனக்குத்தான் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்புகிறாள். இன்று வியாழக்கிழமை.

அப்பா